உபவாச டைரியில் நான் எழுதாதது

விருப்ப ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் துறையின் இளம் டாக்டர்கள் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து விடுவிப்பதாக இல்லை. போன வாரம் ஒரு பெண் அதில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உபவாசம் இருப்பவர்களுக்கென்று ஏதோ ஒரு ஆப் வந்திருக்கிறதாம். மூன்றாம் நாள் காலையில் அது தானாகவே செய்தி அனுப்புகிறது: 'வாழ்த்துகள்! இன்றோடு உங்கள் பசி மறையும். மனம் தெளிவடையும்.' அதன் கீழே, "மேடம், உங்க அனுபவத்துல இது சரியா?" என்று கேட்டிருந்தாள்.

நான் சிரித்த சிரிப்பில், அடுக்களையில் இருந்த என் கணவர் என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிவந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே வாக்கியத்தை என் கையால் எழுதியவள் நான். அதை நம்பி ஒரு மனிதர் கீழே விழுந்தார். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அவ்வளவையும் போனில் தட்ட என் கட்டைவிரலுக்குத் தெம்பு இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள் நான். அப்பா எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பிளஸ் டூ முடித்தபோது எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. கர்நாடகத்தில் இயற்கை மருத்துவத்துக்கு என்றே ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது என்று எங்கள் பங்குச் சாமியார் விசாரித்துச் சொன்னார். தண்ணீர், மண், வெயில், உணவு, உபவாசம், யோகா ஆகியவற்றை வைத்து வைத்தியம் செய்கிற படிப்பு. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழம ஒருசந்தி இருக்க வக்கில்ல. இவ போயி ஊரையே பட்டினி போடற படிப்புப் படிக்கப் போறாளாம்!" என்றார். அண்ணன் அன்றைக்கே எனக்கு 'மண் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டான். இன்றுவரை அவன் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன.

கல்லூரி வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் மற்ற டாக்டர்கள் படிப்பதுதான். அவற்றோடு மண் பட்டி, நீராவிக் குளியல், ஈரத்துணிச் சுற்று என்று எங்களுக்கே உரிய பாடங்களும் உண்டு. கன்னடம் பேசக் கற்றுக்கொண்டேன், வியர்க்கக் கற்றுக்கொண்டேன். பிணத்தைப் பார்த்து மயங்கி விழாத ஒரே பெண் என்று பெயர் எடுத்தேன். டீயை மட்டும் விடவில்லை. எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்பது பழக்கமே அல்ல, அது பாட்டுக்கு நடக்கிற காரியம்.

கடைசியில் ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். எனக்கு அதிர்ஷ்டவசமாக நம்மூரிலேயே இடம் கிடைத்தது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பாதையில், ஒரு பழைய வெள்ளைக்காரர் பங்களாவில் இருபது படுக்கையுடன் ஓர் இயற்கை மருத்துவ நிலையம் நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைமை டாக்டர் சுலோசனா. கோயம்புத்தூர்க்காரர், அப்போது நாற்பது வயது இருக்கலாம். கண்ணாடி வெப்பமானியை நூலில் கட்டிக் கழுத்தில் தாலிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை "வா கண்ணு, போ கண்ணு" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். "இங்க வாங்க" என்றால் ஏதோ தப்பு. "உக்காருங்க டாக்டர்" என்றால் பெரிய தப்பு. "ஏனுங்க டாக்டர், கொஞ்சம் நேரம் ஒதுக்க முடியுங்களா?" என்று கேட்டுவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு முன்னால் பயிற்சிக்கு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு ஒரு விதி உண்டு. தான் எடுத்துக்கொள்ளாத சிகிச்சையை ஒரு டாக்டர் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. வந்த முதல் நாளே என்னை இடுப்புக் குளியல் தொட்டியை நிரப்பச் சொன்னார். குளிர்ந்த நீர், இருபது நிமிடம் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. நான் படித்த கடற்கரை ஊரில் குளிர்ந்த நீர் என்றால் குழாயைத் திறந்தால் வருவது. அதேபோல இங்கேயும் குழாயைத் திறந்து நிரப்பினேன். மாதம் ஜனவரி. "உக்காரு கண்ணு" என்றார். உட்கார்ந்தேன். அப்போது நான் எழுப்பிய சத்தம் கேட்டு எதிர் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் வெப்பமானியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து என் கண் முன்னால் காட்டினார். பன்னிரண்டு டிகிரி. "புஸ்தகத்தை எழுதினவரு சமவெளிக்காரரு. தண்ணிக்கு அது தெரியாதில்ல?" என்றார். அன்றிலிருந்து வெந்நீர் கலந்து, அளந்து பார்க்காமல் நான் ஒருவரையும் தொட்டியில் உட்கார வைத்ததில்லை.

மண்ணும் அப்படித்தான். வயிற்றில் போடுகிற பட்டிக்கு இங்கே தோண்டிய இடமெல்லாம் மண் இருக்கிறதே என்று நினைத்தேன். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் உரமும் மருந்தும் அடித்த மண் நோயாளியின் தோலில் கொப்புளம் கிளப்பிவிடும் என்று சொல்லி, கீழே மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து புற்று மண் தருவிப்பார். இளநீர், வாழையிலை எல்லாமும் கீழே இருந்து பஸ்ஸில் மேலே வர வேண்டும். இயற்கை மருத்துவத்துக்கு இயற்கையில் பாதி எங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்துதான் வந்தது.

இனி உபவாசத்துக்கு வருகிறேன். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஐந்து நாள், எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த தண்ணீர், நடுவில் ஓர் இளநீர் என்று உபவாசம் இருக்க வேண்டும். நீள நோட்டு ஒன்று தருவார்கள். எடை, நாடி, ரத்த அழுத்தம், நாக்கின் நிறம், தூக்கம், பசி, மனநிலை என்று ஒவ்வொரு நாளும் அதில் எழுத வேண்டும். அதோடு முடிவதில்லை. பின்னால் உபவாசம் இருக்க வரும் நோயாளிக்கு, அவருக்குப் பொருத்தமான ஒரு பயிற்சி மருத்துவரின் டைரியை டாக்டர் படிக்கக் கொடுப்பார். இனிமேல் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனிதர்களுக்குப் பயம் குறையும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். எழுதுகிறவள் நானாக இல்லாத வரைக்கும்.

என் முறை வந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு டீ பழக்கம் எவ்வளவு?" என்று கேட்டார். எட்டு டம்ளர் என்றேன். அவர் வாழ்நாளில் டீ குடித்தவர் இல்லை. அதுவரை அங்கே உபவாசம் இருந்த நோயாளிகளும் பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். "இந்த மலையில டீ குடிக்காத ஆளே கிடையாது. நாளைக்கு இந்த ஊர்க்காரங்க நெறைய வருவாங்க. டீயை நிறுத்தினா உனக்கு என்ன ஆகுதுன்னு மறைக்காம எழுது கண்ணு. எனக்கு அது தெரிஞ்சாகணும்" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் தலை கனத்தது. இரண்டாம் நாள் மண்டைக்குள் யாரோ இலை வெட்டுகிற மிஷினை ஓட்டினார்கள். சமையல்காரர் மாரப்பன் அண்ணன் பாத்திரத்தைக் கீழே வைத்ததற்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன். என்னோடு உபவாசம் தொடங்கிய இன்னொரு பயிற்சி மருத்துவரான ஆந்திரப் பெண்ணோ தாழ்வாரத்தில் பாட்டை முணுமுணுத்தபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரோஷம். இந்த மலையில் பிறந்தவள் நான், நான் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதா? இரண்டு நாளுக்கும் 'லேசான சோர்வு' என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாம் நாள் காலையில் வாந்தி. யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்கு நிலையத்தின் கடிதங்களைத் தபாலில் சேர்க்க டவுனுக்குப் போகச் சொன்னார்கள். தபாலாபீசுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. எங்கள் மலைக்கே உரிய மொறுமொறு வர்க்கி பிஸ்கட் அடுப்பிலிருந்து இறங்குகிற நேரம். அந்த வாசனையைத் தாண்டிப் போக முனிவர்களால் முடியலாம். நான் இரண்டு டம்ளர் டீ குடித்து, மூன்று வர்க்கி தின்றேன். கால் மணி நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்து டைரியைத் திறந்து எழுதினேன்: 'மூன்றாம் நாள். பசி அறவே மறைந்துவிட்டது. மூடுபனி விலகிய மலையைப் போல மனம் தெளிவாக உள்ளது.'

தெளிவாக இருந்தது உண்மை. எதனால் என்பதைத்தான் எழுதவில்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் தபால் கொண்டுபோக நானே முன்வந்தேன். டாக்டர் டைரியைப் படித்துவிட்டு, "எட்டு டம்ளர் குடிச்சவளுக்கு இவ்வளவு லேசா போயிருச்சே!" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் அதுவும் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சுப்பையா வந்தார். பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையாகி வெளியே போவது வரை ஃபாக்டரியில் எல்லாவற்றுக்கும் டீ மேக்கர்தான் பொறுப்பு. வாலிப வயதில் சிலோனிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, கூலியாகச் சேர்ந்து, அந்த இடத்துக்கு உயர்ந்தவர். ஐம்பத்தாறு வயது, கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் வீக்கம், ஓயாத நெஞ்செரிச்சல். இலை வாட்டுகிற மாடிக்கு ஏற முடியவில்லை. மாடி ஏறாத டீ மேக்கர் எதற்கு என்று எஸ்டேட் மேனேஜரான துரை கேட்டுவிட்டாராம். ஒரு மாத லீவில் எடையைக் குறைத்து மாடி ஏறிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடம் முன்னதாகவே வீட்டுக்குப் போக வேண்டும். மகள் கலா துணைக்கு வந்திருந்தாள்.

"நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தேத்தண்ணிங்களா? கணக்கு இல்லீங்க. ஒவ்வொரு தடவ தூள் எறங்குறப்பவும் ஊத்திக் குடிச்சுப் பாக்கணும். மத்த ஆளுங்க வாயில வச்சிட்டுத் துப்பிருவாங்க. நான் துப்ப மாட்டேன்."

"ஏங்க?"

"நாம செஞ்சத நாமளே துப்புனா, காசு குடுத்து வாங்குறவன் என்னா செய்வான்?"

டாக்டர் சிரித்துவிட்டார். தேயிலைக்காரருக்குத் தேயிலைக்காரியின் டைரிதான் பொருத்தம் என்று அலமாரியைத் திறந்து என் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பெரிய மனிதர், திடமான உடம்பு, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் போய்ப் பார்த்தேன். "எப்படி இருக்கு ஐயா?" என்றதற்கு, "லேசான சோர்வு, டாக்டரம்மா" என்றார். இரண்டாம் நாளும் "லேசான சோர்வு." துரை, லயம், கொழுந்து என்று எஸ்டேட் பாஷை பேசுகிற மனிதர் வாயில் அந்த இரண்டு வார்த்தையும் ஒட்டாமல் நின்றன. எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதே என்று நினைத்தேனே ஒழிய, எங்கே என்று யோசிக்கவில்லை. அவருடைய கேஸ் ஷீட்டில் 'தலைவலி இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. எடை பார்க்கிற நேரம். நோட்டுடன் நான் நின்றுகொண்டிருந்தேன். சுப்பையா எடை மிஷினில் ஏறினார். முகம் வெளுத்திருந்தது. "தூங்குனீங்களா?" என்று கேட்டேன். "மூடுபனி வெலகுன மல மாதிரி இருக்கு டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கால் தரையில் பட்டதும் அப்படியே சரிந்தார்.

டாக்டர் வந்தார். ஓடி வரவில்லை, ஆனால் வந்துவிட்டிருந்தார். சுப்பையாவைத் தரையிலேயே படுக்க வைத்து, கால்களை ஒரு முக்காலிமேல் தூக்கி வைக்கச் சொன்னார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரேபோலச் சுருங்குகிறதா என்று பார்த்தார். "சிரிங்க பாக்கலாம். நாக்கை நீட்டுங்க. என் ரெண்டு கையையும் அழுத்துங்க." கழுத்தை மெல்ல மடக்கி மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்த்தார். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை சரியாக இருந்தது. அழுத்தம் மட்டும் இறங்கியிருந்தது. அடிபட்ட முழங்கையைக் கடைசியாகத்தான் கவனித்தார். அதில் சிராய்ப்புதான். இவ்வளவும் பத்து நிமிடத்தில் நடந்தது. அவர் கை ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பின்னாளில் மயங்கி விழுந்த ஒவ்வொருவருக்கும் நான் அதே வரிசையில்தான் செய்திருக்கிறேன்.

அதற்குள் சுப்பையா ஒரு முறை வாந்தி எடுத்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தலைவலி எப்ப ஆரம்பிச்சதுங்க?"

"இப்பத்தாங்க. காலையில."

"நேத்து இருந்துச்சுங்களா? முந்தாநாள்?"

"இல்லீங்க. லேசான சோர்வு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கேஸ் ஷீட்டை நீட்டினேன். இரண்டு நாளும் தலைவலி இல்லை. டாக்டர் யோசித்தது எனக்குக் கேட்கும்படியாகவே இருந்தது. "டீயை விட்டதால வர்ற வலின்னா மொத நாளோ ரெண்டாம் நாளோ வந்திருக்கணும். உனக்கும் வரலை, இவருக்கும் வரலை. இது திடீர்னு வந்த தலைவலி, வாந்தி, விழுந்திருக்காரு. மூளையில ஏதாச்சும் இருக்கான்னு பார்த்தே ஆகணும். கோயம்புத்தூருக்கு அனுப்பணும். ஜீப்பை எடுக்கச் சொல்லு."

அவர் சொன்னது சரியான வைத்தியம். அந்தக் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு யாரும் அதைத்தான் செய்வார்கள். கலா அழ ஆரம்பித்தாள். "தலையில கட்டிங்களா டாக்டர்? அப்பாவுக்குத் தலையில கோளாறுன்னு ஒரு சீட்டு வந்திருச்சுன்னா ஃபாக்டரிக்குள்ள விட மாட்டாங்களே" என்றாள். சுப்பையா கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாருக்கும் தெளியுது, எனக்கு மட்டும் தெளியல" என்று முனகினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் தன் உடம்பைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. என் டைரியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனப்பாடமாக.

ஜீப் டிரைவர் கீழே பஜாருக்குப் போயிருந்தார், வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். சொன்னால் பயிற்சிச் சான்றிதழ் போகும். ஐந்தரை வருடம் போகும். அப்பாவின் முகம், அம்மாவின் பேச்சு எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தன. சொல்லாவிட்டால் இவர் இல்லாத நோயோடு மலை இறங்குவார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. டாக்டரின் அறைக்குப் போனேன். இதற்குச் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனம் எவ்வளவோ மேல், அங்கே நடுவில் ஒரு தட்டியாவது இருக்கும்.

"மேடம், என் டைரி பொய்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்க டாக்டர்."

சொன்னேன். தபால், பேக்கரி, வர்க்கி எல்லாவற்றையும். நாலாம் நாளையும் ஐந்தாம் நாளையும் விடவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"தலை கனம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுங்க?"

"முதல் நாள் நாலு மணி வாக்கில, மேடம்."

"வாந்தி?"

"மூணாம் நாள் காலையில. ஒரு தடவை."

"டீ குடிச்சு எவ்வளவு நேரத்துல வலி போச்சுங்க?"

"கால் மணி நேரம்."

"வர்க்கி எத்தனை?"

"மூணு."

"அது வேண்டியதில்லீங்க" என்றவர், ஆனாலும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்தார். "வாங்க டாக்டர். இதை என்கிட்டச் சொன்னாப் போதாதுங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

சுப்பையாவின் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, கலாவின் முன்னாலேயே மறுபடியும் முழுவதையும் சொன்னேன். சுப்பையா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒங்களுக்கும் வலிச்சிச்சா?"

"மண்டை வெடிக்கிற மாதிரி வலிச்சுது ஐயா."

"வாந்தியும் வந்துச்சா?"

"வந்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு டாக்டரைப் பார்த்து, "எனக்கு மொத நாள் அந்தியிலேயே ஆரம்பிச்சிருச்சுங்க. நேத்து ரெண்டு தடவ வாந்தி. தேன் தண்ணி உள்ள நிக்கல, சன்னலுக்கு வெளிய ஊத்திட்டேன். இந்தப் புள்ளைக்கே ஒன்னும் ஆகல, அம்மாம் பெரிய ஆம்பள நமக்கு மனசுல உறுதியில்லன்னு நெனச்சு வாயத் தொறக்கல" என்றார்.

"ரெண்டு பேரும் சேந்து என்னயக் கொல்லப் பாத்தீங்களே!" என்று கலா கத்தினாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கத்தினாள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருத்தினார். வலி திடீரென்று வந்ததல்ல, மூன்று நாளாக ஏறியது. தண்ணீரும் உள்ளே போகவில்லை, அதனால் அழுத்தம் இறங்கியது. உபவாசத்தை அங்கேயே நிறுத்தினார். ஆனாலும் ஜீப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயம்புத்தூருக்குப் பதிலாகக் குன்னூரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்றார். "அதுக்கு முன்னால அரை டம்ளர் டீ, லைட்டா. எடுத்துட்டு வாங்க டாக்டர்."

அங்கேதான் சிக்கல். இயற்கை மருத்துவ நிலையத்தில் டீத்தூள் ஏது? சுற்றி நாலு பக்கமும் தேயிலை, உள்ளே ஒரு சிட்டிகை தூள் கிடையாது. நான் அடுக்களை வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன். மாரப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "மேடத்துக்குத் தெரிய வேண்டாமுங்க" என்று திரும்பினால், வாசலில் மேடம் நிற்கிறார். "எவ்வளவு நாளாங்க மாரப்பன்?" என்றார். "நீங்க வர்றதுக்கு முன்னாடியிருந்தேங்க" என்றார் அவர் பரிதாபமாக.

சுப்பையா எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் உறிஞ்சினார். துப்பவில்லை. நாக்கைச் சுழற்றினார். உடம்பு சுகமில்லாத மனிதரின் முகம் போய் ஃபாக்டரியின் முகம் வந்தது. "டஸ்டு, மட்டத் தூளு. அதுவும் பழசு. எல சரியா வாடாம அரைச்சிருக்கான். எந்த ஃபாக்டரிங்க இது?" என்றார். கலா அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரும் திரும்பி நின்று சிரித்ததை நான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் சுப்பையா தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். குன்னூர் டாக்டரும் நிதானமாகச் சோதித்துவிட்டு, தலைக்குள் ஒன்றும் இல்லை, உள்ளே இருந்ததெல்லாம் தேயிலைதான் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை என்னை அழைத்தார்கள். "ஏனுங்க டாக்டர், கொஞ்சம் நேரம் ஒதுக்க முடியுங்களா?" பெட்டியைக் கட்டிவிடலாம் என்றே போனேன். "உங்க டைரியை இனிமேல் யாருக்கும் குடுக்கப் போறதில்லீங்க" என்றார். அது வலித்தது. அவரிடம் வாங்கியதிலேயே அதிகம் வலித்தது அதுதான். "பயிற்சி ஒரு மாசம் நீளும். சுப்பையா லீவை நீட்டிக்கிட்டு இருக்கேங்கறாரு. ரெண்டு வாரத்துல டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டு மறுபடி உபவாசம் ஆரம்பிப்பாரு. நீங்களும் டீயைக் குறைச்சு, அவரோட சேர்ந்து அதே நாள்ல ஆரம்பிக்கிறீங்க." பிறகு, "போ கண்ணு, போய்த் தூங்கு" என்றார். அந்த 'கண்ணு' காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு வாரம் கழித்து, கிழக்குத் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி போட்டு, நானும் சுப்பையா ஐயாவும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டினி கிடந்தோம். இந்த முறை மண்டைக்குள் மிஷின் ஓடவில்லை. ஆனால் பசி, அப்பப்பா! ஐந்து நாளில் ஒரு நாளும் அது மறையவில்லை. பசி சிலருக்கு மறைகிறது, சிலருக்கு மறைவதில்லை என்பதே முப்பது வருடத்தில் நான் கண்டது. டவுனுக்குத் தபால் கொண்டுபோக வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள். சிலோனில் அவர் பார்த்த மலைகளைப் பற்றி ஐயா சொல்வார். கருவாட்டுக் குழம்பில் வந்து முடியும். இருவரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு வேறு பேச்சுக்கு மாறுவோம். அதன்பின் உணவுமுறை, இடுப்புக் குளியல், முழங்காலுக்கு மண் பட்டி என்று இன்னும் மூன்று வாரம் இருந்தார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. எடை குறைந்தது, வீக்கம் வடிந்தது. வாட்டுமாடிக்கு ஏறிவிட்டதாகவும், நடுவில் ஒரு முறை உட்கார்ந்ததைத் துரை பார்க்கவில்லை என்றும் ஒரு கார்டு போட்டிருந்தார்.

இரண்டாவது உபவாசத்துக்கு டாக்டர் சுலோசனா என்னை டைரி எழுத விடவில்லை. நோட்டை ஐயாவிடம் கொடுத்து, உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். ஃபாக்டரியில் தூள் கணக்கு எழுதிப் பழகிய குண்டு குண்டான எழுத்து. அடுத்த மாதம் உபவாசம் இருக்க வந்த ஒரு டீச்சருக்குப் படிக்கக் கொடுக்க அந்த நோட்டைத்தான் அலமாரியிலிருந்து எடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. வழியில் நின்று மூன்றாம் நாள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

'மூணாம் நாள். தலவலி இல்ல. பசிக்குது. டாக்டரம்மாவும் பசிக்குதுன்னாங்க. அதனால பயமில்ல.'